நால்வகை நிலைகளும் கள்ளிக்காட்டு முதியவரும்

இந்து சமயம் மனித வாழ்வை நான்கு நிலைகளாகப் பகுத்து, முடிவில் உலகைத் துறந்து செல்வதையே அதன் நிறைவாகக் காண்கிறது என்றும், கிறிஸ்தவமோ உலகையும் குடும்பத்தையும் கடவுளின் கொடையாக ஏற்கிறது என்றும் ஓர் ஒப்பீடு நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அருளுரைகளில் அது எளிதாகப் பயன்படுகிறது. மாணவர் கட்டுரைகளில் சான்று கேட்கப்படாமலேயே இடம்பெறுகிறது. ஆல்பர்ட் சுவைட்சர் 1930-களில் இந்தியச் சிந்தனையைப்பற்றி எழுதிய நூலில், உலகையும் வாழ்வையும் மறுக்கும் போக்கே அச்சிந்தனையின் அடிநாதம் எனக் கொண்டார். அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1926-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில், டாக்டர் இராதாகிருஷ்ணன் அதே நான்கு நிலைகளை, மனிதனைப் படிப்படியாக உயர்த்தும் ஏணியாகப் போற்றினார். ஒருவர் குறை கண்டார். மற்றவர் பெருமை கண்டார். எனினும், நூலில் வகுத்த முறையே மக்கள் வாழ்ந்த முறை என்னும் எண்ணம் இருவருக்கும் பொதுவாய் இருந்தது.

அவ்வெண்ணத்தையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். அதற்கு உரைகல்லாகத் தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியையும், அம்மண்ணிலிருந்து எழுந்த ஒரு நாவலையும் எடுத்துக்கொள்கிறோம். அந்நாவல் கவிஞர் வைரமுத்துவின் கள்ளிக்காட்டு இதிகாசம். ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 2003-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்ற இந்நூலைத் தமிழ் வாசகர் பலரும் அறிவர். இறையியல் நோக்கில் அதனைப் படித்தோர் சிலரே.

கோட்பாட்டின் வரலாறு

பிரமசரியம், இல்லறம், வானப்பிரத்தம், துறவு என்னும் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டிய படிகள் என்றே நாம் கற்றிருக்கிறோம். ஆனால் தொடக்கத்தில் அவை படிகளாய் இருக்கவில்லை. இலங்கையில் பிறந்த வடமொழியறிஞர் பாட்ரிக் ஒலிவெல், 1993-இல் வெளியிட்ட ஆய்வில் இதனைத் தெளிவாக நிறுவியுள்ளார். பழைய தர்மசூத்திரங்களில் இந்நான்கும், கல்வி முடித்த இளைஞன் வாழ்நாள் முழுவதற்குமாகத் தேர்ந்துகொள்ளக்கூடிய நான்கு வேறு வழிகளாகவே பேசப்படுகின்றன. அவற்றுள்ளும் கௌதமரும் போதாயனரும், வேதம் விதிப்பது இல்லறம் ஒன்றையே என்று வாதிடுகின்றனர். துறவைப் போற்றியோர்க்கும் வேள்வியையும் மக்கட்பேற்றையும் போற்றியோர்க்கும் இடையே நிகழ்ந்த நீண்ட வழக்கின் தடங்களை அந்நூல்களில் காண்கிறோம்.

மனுநூலில்தான் அவ்வழிகள் வரிசையாக அடுக்கப்பெறுகின்றன. இல்லறத்தான் தன் உடலில் திரையையும் தலையில் நரையையும் கண்டு, தன் மகனுக்கு மகன் பிறந்ததையும் கண்டபின் காட்டுக்குச் செல்லலாம் என அந்நூலின் ஆறாம் அத்தியாயம் விதிக்கிறது. முனிவர்க்கும் தேவர்க்கும் நீத்தார்க்கும் உரிய மூன்று கடன்களைத் தீர்க்காமல் விடுதலை நாடுவோன் வீழ்வான் என்றும் அது எச்சரிக்கிறது. ஆக, வரிசைமுறை என்பது ஒரு சமரச ஏற்பாடு. துறவு மறுக்கப்படவில்லை, குடும்பத்தின் கடமைகள் முடியும்வரை தள்ளிவைக்கப்பட்டது. சாபால உபநிடதமோ இத்தள்ளிவைப்பை ஏற்காமல், பற்று நீங்கிய அந்நாளிலேயே ஒருவன் துறக்கலாம் என்கிறது. வழக்கு முடியவில்லை என்பதற்கு இதுவே சான்று. மேலும், கலியுகத்தில் விலக்கத்தக்கவை எனப் பிற்கால நூல்கள் தொகுத்த பட்டியலில் வானப்பிரத்தமும் சேர்க்கப்பட்டது. படிகளுள் ஒன்று இவ்வாறு ஏட்டளவில் நின்றுபோயிற்று.

இம்முறை யாருக்கு வகுக்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. பூணூல் அணியும் உரிமைபெற்ற மூன்று வருணத்து ஆடவர்க்கே அது வகுக்கப்பட்டது. நான்காம் வருணத்தார்க்கு இல்லறம் ஒன்றே உரியது எனப் பெரும்பாலான நூலோர் கொண்டனர். வருணத்துக்குப் புறம்பே தள்ளப்பட்டோரைப்பற்றிய பேச்சே இல்லை. மனைவிக்குத் தனியாக நிலை ஏதும் கூறப்படவில்லை; கணவன் காடு செல்லும்போது அவள் மக்களிடம் ஒப்படைக்கப்படலாம், அல்லது உடன் செல்லலாம். இவ்வளவையும் நோக்குமிடத்து, இதனை இந்து மக்களின் வாழ்க்கைத் திட்டம் என்று பொதுப்படக் கூறுவது எவ்வளவு பிழையானது என்பது விளங்கும்.

பள்ளத்தாக்கு கூறும் சான்று

தமிழ் மரபு நான்கினும் இரண்டையே முதன்மையாகக் கொண்டது. திருக்குறளின் அறத்துப்பாலில் இல்லறவியல் இருபது அதிகாரங்களையும் துறவறவியல் பதின்மூன்று அதிகாரங்களையும் உடையது. இல்வாழ்க்கை அதிகாரத்தின் முதற்குறள், இல்லறத்தான் மூவர்க்குத் துணையாவான் என்கிறது. அம்மூவர் ஏனைய மூன்று நிலைகளில் நிற்போர் எனப் பரிமேலழகர் உரை கண்டார். பெற்றோர், மனைவி, மக்கள் எனப் பிற்கால உரையாசிரியர் சிலர் பொருள் கொள்வர். இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. இல்லறத்தான் உழைப்பின்மேல் முதல் உரிமை துறவிக்கா, வயது முதிர்ந்த தாய்தந்தையர்க்கா என்னும் வினா இவ்வுரை வேறுபாட்டில் அடங்கியுள்ளது. தொல்காப்பியக் கற்பியலின் இறுதியில் வரும் நூற்பாவோ, காமம் நிறைந்து அமைந்த காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடிச் சிறந்ததைப் பயிலுதலைப் பேசுகிறது. அங்கே முதுமை, மனையைவிட்டு வெளியேறும் காலமாகக் காட்டப்படவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் கல்லிலும் செம்பிலும் எஞ்சியிருக்கும் சான்றுகளும் இதே பாடத்தைப் புகட்டுகின்றன. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் வரலாற்று மாணவர் நன்கறிந்தவை. அவற்றுள் பெரிய செப்பேடு, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பாண்டியன் வழங்கிய பிரமதேயக் கொடையைப் பதிவுசெய்கிறது. மறையோதலும் வேள்வியும் இல்லறமுமாகிய வாழ்வு நிலைபெற, நிலமும் அதில் பாடுபடும் குடிகளின் உழைப்பும் வேண்டியிருந்தன. சாத்திர வாழ்வைச் சிலர் வாழப் பிறர் உழுதனர். உத்தமபாளையத்திலோ, கருப்பசாமி குடிகொண்டுள்ள பாறையில் சமண தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின்கீழ் வட்டெழுத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இப்பள்ளத்தாக்கில் துறவு விட்டுச்சென்ற பழைய தடங்களுள் குறிப்பிடத்தக்கது சமணருடையது. வயது முதிரட்டும் என்று காத்திருக்காத துறவு அது. மலையுச்சியில், எல்லையோரத்தில் நிற்கும் மங்கலதேவி கோட்டத்துக்குச் சித்திரை முழுநிலவு நாளில் மக்கள் ஏறிச்செல்கின்றனர். வையைக்கரை வழியே நடந்துவந்து மலையேறிய கண்ணகிக்கு நால்வகை நிலைகளுள் எதுவும் பொருந்தாது. அவள் வீட்டைத் துறக்கவில்லை. அவளிடமிருந்து வீடு பறிக்கப்பட்டது.

பள்ளத்தாக்கின் மக்கள் இன்றும் ஆடி, தை அமாவாசை நாட்களில் சுருளி அருவிக்கரையில் நீத்தார் கடன் செலுத்துகின்றனர். மூன்று கடன்களுள் நீத்தார் கடன் இங்கு உயிரோடு இருக்கிறது. வானப்பிரத்தம் இல்லை. முதியோர் வயலுக்கும், மாடு மேய்க்கும் மந்தைக்கும், ஏலத்தோட்ட வேலைக்கும் உடல் உள்ளவரை செல்கின்றனர்.

பேயத்தேவரின் இல்லறம்

இப்பின்னணியில் நாவலுக்கு வருவோம். 1895-இல் முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாற்று அணை கம்பம் பள்ளத்தாக்கை நெல்வயல் நாடாக்கியது. அதே மாவட்டத்தின் ஆண்டிபட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமியாகவே நின்றது. கள்ளியும் கற்றாழையும் முளைக்கும் அந்நிலத்தில்தான் நாவலின் கதை நிகழ்கிறது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கிய ஊர்களின் கதை அது. ஆசிரியரின் பிறந்த ஊராகிய மெட்டூரும் அவற்றுள் ஒன்று.

நாவலின் நடுநாயகர் பேயத்தேவர் என்னும் முதிய உழவர். அவருக்குத் திரை உண்டு, நரை உண்டு, பேரன் மொக்கராசும் உண்டு. மனு கூறிய மூன்று அடையாளங்களும் அமைந்துள்ளன. ஆனால் பேரன் பிறந்ததால் அவருடைய கடமை முடிவதில்லை; மீண்டும் தொடங்குகிறது. மகன் பொறுப்பற்றவனாய்ப் போக, மகளின் வாழ்வு நிலைகுலைய, பேரனை வளர்க்கும் பாரம் கிழவரின் தோளில் ஏறுகிறது. மனுவின் திட்டத்தில் பேரன் என்பவன் பாட்டனுக்கு விடுதலைச் சீட்டு. கள்ளிக்காட்டிலோ அவன் புதிய பொறுப்பு. காடு சென்று ஓய வேண்டிய வயதில் காட்டைத் திருத்திக் கிணறு வெட்டும் கிழவரையே நாம் காண்கிறோம்.

நூலுக்கு இதிகாசம் என்று பெயரிட்டதனால் ஆசிரியர் ஓர் ஒப்பீட்டுக்கு நம்மை அழைக்கிறார். மகாபாரதத்தின் ஆசிரமவாசிக பருவத்தில் முதிய திருதராட்டிரன் காந்தாரியோடும் குந்தியோடும் காடு செல்கிறான். அங்கே காட்டுத்தீயில் மூவரும் மடிகின்றனர். வானப்பிரத்தத்துக்கு இதிகாசம் தரும் பெரிய எடுத்துக்காட்டு இதுவே. ஆயின் கூர்ந்து படிப்போர் ஒன்றை உணர்வர். தருமன் பெரியப்பனைப் பேணினாலும், பீமனின் சுடுசொற்கள் கிழவனின் உள்ளத்தை அரித்தன. அவன் புறப்பாடு முற்றிலும் பற்றற்றதனால் விளைந்ததன்று. இருக்க இடமில்லை என்னும் உணர்வும் அதில் கலந்திருந்தது. துறவு எனப் போற்றப்படுவதற்குள் துரத்தப்படுதலும் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை இதிகாசமே ஒப்புக்கொள்கிறது.

பேயத்தேவர் காட்டுக்குச் செல்லவில்லை. நீர் அவரிடம் வருகிறது. அரசின் ஆணை வருகிறது, இழப்பீடு வருகிறது, ஊர் கலைகிறது. வீட்டையும் மண்ணையும் உறவையும் விட்டுச்செல்லும்படி அவர் கேட்கப்படுகிறார். துறவியிடம் சாத்திரம் கேட்பவை அனைத்தும் அவரிடம் கேட்கப்படுகின்றன. கேட்பது ஆன்மா அன்று, அணை என்பதே வேறுபாடு. தாம் விரும்பித் தேடாத துறவை அவர் மறுக்கிறார். ஏறிவரும் நீரிலேயே அவர் முடிவு நேர்கிறது. அவர் இறப்பைப் பற்றின் விளைவு என்று வேதாந்தி கூறக்கூடும். மண்ணாசை என்று நம் போதகரும் கூறக்கூடும். இரண்டும் அவசரத் தீர்ப்புகள். பறிகொடுத்தலும் துறத்தலும் ஒன்றல்ல. தன் கையில் இருப்பதைத் தானே தருபவனே துறவி.

நாவலின் குறைகள்

நூலின் பெருமையைக் கூறும்போது அதன் குறைகளையும் கூறவேண்டும். உழவும் கிணறு வெட்டுதலும் கால்நடை வளர்ப்புமாகிய தொழில்களின் நுணுக்கங்களை எழுதும்போது ஆசிரியரின் நடை மண்ணில் கால் ஊன்றி நிற்கிறது. ஆனால் பல இடங்களில் கவிஞர் கதையினுள் புகுந்து பேசிவிடுகிறார். கிழவர் மௌனமாய் நிற்கவேண்டிய இடத்தில் உவமைகள் நிற்கின்றன. துன்பத்தின்மேல் துன்பம் அடுக்கப்படுவதால், வாசகன் இரங்குவதற்கு மாறாக அடுத்த இடியை எதிர்நோக்கத் தொடங்குகிறான். யோபின் நூல் துன்பங்களை இரண்டு அதிகாரங்களில் கூறி முடித்து, எஞ்சிய அதிகாரங்களை வழக்காடுதலுக்கு ஒதுக்குகிறது. கள்ளிக்காட்டில் துன்பம் மிகுதி, வழக்கு குறைவு. யாருடைய நன்மைக்காக யாருடைய ஊர் மூழ்கியது என்னும் வினா, பெருமூச்சாகவே கரைந்துவிடுகிறது.

இரண்டாவதாக, நிலம் உடையவரின் இழப்பை நடுவில் வைத்து எழுதப்பட்ட காவியம் இது. பட்டா உள்ளவனுக்கு இழப்பீடு உண்டு. அது போதாமலிருக்கலாம், ஆனால் பெயரேனும் பதிவாகிறது. பிறர் நிலத்தில் கூலிவேலை செய்து, புறம்போக்கில் குடிசையிட்டிருந்தோர் அணையினால் இழந்ததை எந்தப் பதிவேடும் பேசாது. நம் சபைகளில் பலவற்றின் முன்னோர் அத்தகையோரே. நால்வகை நிலை அவர்களைக் கணக்கில் கொள்ளவில்லை. இக்காவியமும் அவர்களை ஓரத்திலேயே நிறுத்துகிறது. ஆசிரியரைக் குற்றஞ்சாட்ட இதனைக் கூறவில்லை. அடுத்த இதிகாசம் எங்கிருந்து எழுதப்படவேண்டும் என்பதைச் சுட்டவே கூறுகிறோம்.

திருமறையின் ஒளியில்

திருமறையில் முதுமைக்கு ஒரே நெறி வகுக்கப்படவில்லை. ஆபிரகாம் எழுபத்தைந்து வயதில் தகப்பன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறான். ஓய்வதற்கன்று, ஓர் இனம் தொடங்குவதற்கு. 2 சாமுவேல் 19-இல் வரும் பர்சிலாவோ எண்பது வயதினன். எருசலேமுக்கு வந்து தன்னோடு வாழுமாறு தாவீது அழைக்கும்போது அவன் மறுத்து, தாய்தந்தையரின் கல்லறை இருக்கும் தன் ஊரிலேயே சாக விரும்புவதாகக் கூறித் தனக்குப் பதிலாகக் கிம்காமை அனுப்புகிறான். ஒருவன் புறப்பாடும் மற்றவன் இருப்பும் கடவுளின் ஆசியைப் பெறுகின்றன. நாபோத்தின் வரலாற்றில் ஆகாப் கேட்டது இலவசமாக அன்று. வேறு நல்ல தோட்டம், அல்லது பணம் என இழப்பீடு தர அவன் முன்வந்தான். நாபோத் மறுத்தது பேராசையால் அன்று. முன்னோரின் உரிமைச்சொத்து விற்பனைப் பொருளல்ல என்னும் நம்பிக்கையால். பேயத்தேவரை மண்ணாசைக்காரர் என்போர் நாபோத்தையும் அவ்வாறே சொல்லவேண்டிவரும்.

எனினும், இல்லறத்தைத் தெய்வமாக்கும் சோதனையை நாமும் உணரவேண்டும். மார்ட்டின் லூத்தர் 1521-இல் துறவற நேர்த்திகளைக் கண்டித்து எழுதினார். 1525-இல் மணம் புரிந்தார். அன்றுமுதல் சீர்திருத்தச் சபையார் குடும்பத்தையும் தொழிலையும் கடவுளின் அழைப்பாகப் போற்றிவருகிறோம். இது நன்றே. ஆனால் இயேசு பெருமானின் அழைப்பு வலையை விட்டும், ஆயத்துறையை விட்டும் வரச்சொன்ன அழைப்பு. தகப்பனை அடக்கம்செய்ய அவகாசம் கேட்டவனிடமும் அவர் கடுமையாகவே பேசினார். அதே இயேசுதான் மாற்கு 7-இல், கொர்பான் என்று காணிக்கையின் பெயரைச் சொல்லிப் பெற்றோர்க்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவோரைக் கண்டிக்கிறார். சீடத்துவம் குடும்பத்தைவிடப் பெரியது; ஆனால் முதியோரைக் கைவிடுவதற்குப் பக்தி மறைப்பாகக்கூடாது. இவ்விரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே நற்செய்தியின் அருமை.

பவுலடியார் 1 கொரிந்தியர் 7-இல், உலகத்தைப் பயன்படுத்துவோர் அதில் மூழ்கிவிடாதோர்போல் இருக்கவேண்டும் என்கிறார். அவர் அதை வயதுக்கு வரையறுக்கவில்லை. மணமானவர்க்கும் வாங்குவோர்க்கும் ஒருங்கே கூறுகிறார். நான்கு நிலைகளில் நான்கு காலங்களுக்குப் பிரித்துவைத்ததை அவர் ஒரே நாளுக்குள் வைக்கிறார். செயலை விடாமல் செயலின் பயனைத் துறக்குமாறு கூறும் கீதையும் இதற்கு அருகில் வருகிறது என்பதை ஒப்புக்கொள்ள நாம் தயங்கவேண்டியதில்லை. 1921-இல் திருப்பத்தூரில் சவரிராயன் இயேசுதாசன், எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன் என்னும் மருத்துவர் இருவரும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினர். அவர்கள் தங்கள் உழைப்பு முடிந்தபின் துறவுக்கு வந்தவர்களல்லர்; உழைக்கும் வயதிலேயே வந்து, நோயாளிகளுக்கு உழைத்தார்கள். ஆசிரமம் என்னும் சொல் அங்கே வயதின் பெயராக இல்லாமல் பணியின் பெயராயிற்று.

ஆசிரமக் கோட்பாட்டில் நாம் கற்கவேண்டியதும் உண்டு. அதிகாரத்தையும் சொத்தையும் உரிய காலத்தில் கைமாற்றித் தரவேண்டும் என்பது அதன் சிறந்த அறிவுரை. சபைக் குழுக்களிலும் கல்வி நிலையங்களிலும் பதவியை விடாது பற்றிக்கொண்டிருக்கும் முதியோரைக் காணும்போது, மனுவின் திரையும் நரையும் நமக்கும் நினைவூட்டப்படவேண்டியவை என்றே எண்ணுகிறோம். திருமறையிலும் இதற்கு ஒரு வகை உண்டு. எண்ணாகமம் 8-இல் லேவியர் ஐம்பது வயதில் திருப்பணியின் சுமையினின்று விடுவிக்கப்படுகின்றனர். ஆனால் கூடாரத்தைவிட்டு அனுப்பப்படுவதில்லை. தம் சகோதரர்க்குத் துணையாக அங்கேயே நிற்கின்றனர். சுமை இறக்கப்படுகிறது, இடம் பறிக்கப்படுவதில்லை.

சபையின் கடமை

தேனி, கம்பம் பகுதிச் சிற்றூர்களில் இன்று பல வீடுகளில் முதியோர் மட்டுமே இருக்கின்றனர், அல்லது முதியோரும் பேரக்குழந்தைகளும் இருக்கின்றனர். நடுவயதினர் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் சென்றுள்ளனர். பேயத்தேவரும் மொக்கராசும் நாவலுக்குள் மட்டும் வாழ்வோரல்லர். பெற்றோர் பராமரிப்புக்கென 2007-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றவேண்டியிருந்தது என்பதே நிலைமையை உணர்த்தும். இவர்களிடம் சென்று, உலகப்பற்றை விட்டுப் பரலோகத்தை நோக்குங்கள் என்று மட்டும் ஆறுதல் கூறும் ஆயர், தாம் கண்டிக்கும் துறவுக் கோட்பாட்டையே, அதன் கண்ணியத்தை நீக்கிவிட்டு, மறுபடியும் போதிக்கிறார். பேரனை வளர்க்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு வேண்டியது பற்றறுக்கும் உபதேசமன்று. மருந்துக்கும் பள்ளிக்கட்டணத்துக்கும் சபை தரும் துணையே. நகோமியின் மடியில் ஓபேத் வைக்கப்பட்டபோது, அவன் அவள் முதுமையைப் பேணுவான் என்று ஊர்ப்பெண்கள் வாழ்த்தினர். முதுமையும் குழந்தைமையும் ஒன்றையொன்று தாங்கும் அக்காட்சியே நம் அருளுரைகளில் இடம்பெறவேண்டியது.

இறையியல் மாணவர்க்கு ஒன்று கூறி முடிக்கிறோம். அயலார் சமயத்தை அதன் நூல்களிலிருந்து மட்டும் கற்றால் நாம் வாதத்தில் வெல்லலாம், மனிதரை அறியமாட்டோம். நால்வகை நிலைகளைப் பாடமாகக் கற்ற மாணவர், தம் கிராமப் பயிற்சிக் காலத்தில் இந்து, கிறிஸ்தவ முதியோர் சிலரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் எவ்வெப்போது எதை விட்டுக்கொடுத்தார்கள், எது அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்று கேட்டறியட்டும். அந்த இரண்டு பட்டியல்களையும் தனித்தனியே எழுதத் தெரிந்தவர், துறவைப்பற்றிப் பிரசங்கிக்கத் தகுதி பெறுவார்.